பங்களாத் திருப்பத்தில் ஒரு குடை

சைக்கிள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த பாவாயிக்கு உலகம் பாதிதான் தெரிந்தது. இடது பக்கமெல்லாம் ரப்பர் மரம், மரத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிற பள்ளம், பள்ளத்துக்கும் இந்தப் பக்கம் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிற அவளுடைய சொந்தக் கால்கள் இரண்டு. வலது பக்கத்து உலகம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் என்ன வருகிறது என்று பார்க்கலாமென்றால் அங்கே புருஷன் செங்கோடனுடைய முதுகு இருந்தது. அகலமான முதுகு என்று பொய் சொல்ல முடியாது, ஆனாலும் மறைக்க வேண்டியதை மறைத்தது. நேற்று அவளே நீலம் போட்டு அலசின வெள்ளைச் சட்டை தூறலில் நனைந்து தோள் எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்தே அவன் எவ்வளவு பயந்திருக்கிறான் என்று அவளால் சொல்ல முடியும். பதினோரு வருஷமாகப் பார்க்கிற எலும்பு. பயப்படட்டும், பயப்படுவதில் தப்பில்லை, இறங்காமல் இருந்தால் போதும். வலது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இடது கையில் குடை. காற்று தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்கக் கம்பியை உச்சியில், அழுத்தினால் குடை மடங்குகிற குமிழுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் பால் வெட்டு இல்லை, கடைத்தெருவுக்குப் போகிற நாள். பார்க்கிறவர்களுக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் சைக்கிளில் மிளகாய் வாங்கப் போகிறார்கள். அப்படித்தான் தெரிய வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். கொடி வேண்டாம், கூச்சல் வேண்டாம், எதிரே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருவார், வந்தால் வரட்டும், நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருங்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! துரை வருகிற சாலையில் எவனும் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கக் கூடாது, தூரத்தில் தொப்பி தெரிந்ததுமே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும், தோளில் துண்டு இருந்தால் கக்கத்துக்குப் போக வேண்டும், கொட்டுகிற மழையானாலும் குடையை மடக்க வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. மலாயாவுக்குக் கப்பலேறி வந்த அன்றைக்குக் கங்காணி வையாபுரி வாயால் சொன்னதுதான். அதற்கப்புறம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. உடம்பு படித்துக்கொண்டுவிட்டது.

உடம்புதான் வம்பு. செங்கோடனுக்கு மனசில் வீரம் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது, கால்களில்தான் இல்லை. மாரியம்மன் கோயில் கூட்டத்தில் அர்த்தநாரி, தோட்டத்தில் பத்திரிகை படிக்கத் தெரிந்த ஒரே பால்வெட்டுக்காரர், “மொதல்ல யார் போறீங்க?” என்று கேட்டபோது அத்தனை மீசைக்காரர்களும் கோயில் கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து ஒருத்தன்தான் எழுந்தான், அவன் எப்போதும் எழுகிறவன், “நான் போறேன், ஆனா சும்மா போகமாட்டேன், தொரை கைய ஓங்குனா கல்லெடுத்து ஒரே போடு” என்றான். அர்த்தநாரி அவனை உட்காரச் சொன்னார். “போட்டா அவனுக்கு வசதிடா தம்பி. பட்டாளத்த வரவழைப்பான், உன்னய உள்ள வெப்பான், எங்களயெல்லாம் கப்பல்ல ஏத்துவான். அடிக்காம போனா என்னன்னு கேசு எழுதுவான்? சைக்கிள்ல ஒக்காந்திருந்தான்னா?” அப்போது ஒரு குரல், யாருடைய குரல் என்று பாவாயி திரும்பிப் பார்த்தால் அது தன் பக்கத்திலிருந்தே வருகிறது, “நான் போறனுங்க” என்றது. செங்கோடன்! கோழி குறுக்கே வந்தால்கூட இறங்கி வழிவிடுகிற செங்கோடன்! கூட்டமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அதே மூச்சில் அழுகையும் வந்தது, அவன் தொடையைக் கிள்ளலாமா கையைப் பிடிக்கலாமா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். அர்த்தநாரி மட்டும் சிரிக்கவில்லை. “இவரே போகட்டும். நாச்சிமுத்து எறங்கலைன்னா அவன் முரடன்னு தொரை விட்டுருவாரு. செங்கோடனே எறங்கலைன்னா தோட்டத்துல இனி எவன் எறங்குவான்?” அது பாராட்டா கேலியா என்று இன்றுவரைக்கும் அவளுக்குப் பிடிபடவில்லை. அன்றைக்குத்தான் அவள் அவரிடம் கேட்டாள், பெண்பிள்ளை கூட்டத்தில் வாயைத் திறக்கிறாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள், இருந்தாலும் கேட்டாள். “ஏனுங்கண்ணா, ஊர்ல உப்புக் காச்சுனாங்க, செயிலுக்குப் போனாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்றீங்களே, பத்து வருசமாச்சு, வெள்ளக்காரன் இன்னம் போகலியே?” அர்த்தநாரி மழுப்பவில்லை. “போகலதான். ஆனா உப்புக் காச்சுன ஒருத்தனப் பார்த்தேம்மா போன தடவ ஊருக்குப் போனப்ப. நம்மளாட்டம் கும்புடு போடல அவன். சாதாரணமா நிக்கிறான். நம்மளுக்கு அது மறந்துபோச்சு.” சாதாரணமாக நிற்பது. அதற்கா இத்தனை பாடு என்று அப்போது நினைத்தாள். இப்போது சாதாரணமாக உட்கார்ந்திருப்பதற்கே இத்தனை பாடு.

ஒத்திகை பார்த்தார்கள். அதை நினைத்தால் இந்தப் பயத்திலும் அவளுக்கு வாயோரம் சிரிப்பு இழுத்துக்கொண்டு போனது. கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குப் பின்னால், துணி காயப்போடுகிற மேட்டில், பாவாயிதான் துரை. பால் வாளியைத் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு, துரை நடக்கிற மாதிரியே முழங்காலை மடக்காமல் நடந்து வந்தாள். எதிரே செங்கோடன் சைக்கிளில் வந்தான். வந்தான், வந்தான், பத்தடி இருக்கும்போது இறங்கி ஓரமாக நின்றுவிட்டான். “ஏண்டா எறங்குன?” என்று எல்லோரும் கத்தினார்கள். “நான் எறங்கலீங்க, காலு எறங்கிருச்சு” என்றான். மறுபடி வா என்றார்கள். மறுபடியும் இறங்கினான். ஏழு தடவை. ஏழாவது தடவை வாளியைப் பார்த்து “சலாம் தொரே” என்றுகூடச் சொல்லிவிட்டான், கட்டின பெண்சாதியிடம்! சிரித்துச் சிரித்து எதிர் வீட்டு அங்கம்மாவுக்கு விலா பிடித்துக்கொண்டது. அப்போதுதான் குப்பாயி, பக்கத்து வீட்டுக்காரி, தோட்டத்திலேயே பெரிய தொண்டையும் பெரிய உடம்பும் உள்ளவள், சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். “இவன் காலப் பின்னால வீசித்தான எறங்குறான்? பின்னால ஒரு ஆள ஏத்திவுட்டா கால எங்க வீசுவான்?” சொன்னதோடு நிற்காமல் தானே கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் முனகியது. செங்கோடன் மிதித்தான், பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தான், வாளியை நெருங்கினான், கால் துடித்தது, வீச இடமில்லை, போயே விட்டான். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். பாவாயி மட்டும் வாளிக்குள் நின்றாள். அந்த ஒரு நொடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஏழு தடவையும் அவன் இறங்க இறங்க அவளுக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது, குச்சியைக்கூட ஒரு சுழற்றுச் சுழற்றினாள். எட்டாவது தடவை அவன் போய்விட்டபோது குச்சியை என்ன செய்வது என்று தெரியவில்லை. தலையில் இருந்தது வெறும் வாளி என்று திடீரென்று தெரிந்தது, காதுக்குள் பால் நாற்றம் அடித்தது. ஓகோ, இப்படித்தானா இது, என்று அங்கேயே அவளுக்கு விளங்கிவிட்டது, அர்த்தநாரியுடைய பத்திரிகை அத்தனையும் சொல்லாததை வாளி சொல்லிவிட்டது. இவன் இறங்குகிற வரைக்கும்தான் அவர் துரை. இறங்காவிட்டால் அவர் தூறலில் நடந்து போகிற ஒரு நெட்டை ஆள். சரி, குப்பாயி கேரியரில் போக வேண்டாம், நான் போகிறேன் என்று அப்போதே சொன்னாள். அதில் கொஞ்சம் வேறு காரணமும் இருந்தது. குப்பாயி அவன் இடுப்பைப் பிடித்திருந்த பிடி அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஆனால் அதே லயத்து மாரப்பனும் துரையைத் தாண்டிச் சாதாரணமாகத்தான் போனான். இந்த நினைப்பு வரக் கூடாது, இன்றைக்கு வேண்டாம் என்று காலையில் பல் விளக்கும்போதே அதைத் துரத்தியிருந்தாள், பாழாய்ப் போனது சைக்கிள் கல்லில் ஏறிக் குதித்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருஷமாகிறது. மாரப்பனுக்குக் காய்ச்சல், கண் சொருகிப் போயிருந்தது, துரை எதிரே வந்ததை அவன் பார்க்கவே இல்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, காய்ச்சல். சாயங்காலம் அவன் வேலைச் சீட்டைக் கிழித்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் சட்டி பானையெல்லாம் சாலையில் கிடந்தது. அவன் பெண்சாதி கைக்குழந்தையோடு லயத்து வாசல் வாசலாகப் பார்த்தாள், கேட்கக்கூட இல்லை, பார்த்தாள். ஒரு கதவும் திறக்கவில்லை. பாவாயி கதவும்தான். கதவுக்குப் பின்னால் ஒரு செம்பு கஞ்சித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள், கொடுக்கலாமா, கொடுத்தால் யார் பார்ப்பார்கள், கணக்கெழுதுகிற கிராணி பார்ப்பாரா, கங்காணி பார்ப்பாரா, என்று நின்றுகொண்டே இருந்தாள், கஞ்சி ஆறிப்போயிற்று, அவர்களும் போய்விட்டார்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? துரை மாரப்பன் சீட்டோடு நம் சீட்டையும் கிழித்திருப்பார். நாற்பது வீடும் சொல்லியிருந்தால்? நாற்பது சீட்டையும் கிழித்துவிட்டு இத்தனை மரத்துக்கும் துரையே வாளி தூக்குவாரா? சீமையில் சண்டை நடக்கிறது, வண்டிச் சக்கரத்துக்கெல்லாம் ரப்பர் வேண்டும், ஒரு நாள் வெட்டு நின்றாலும் துரைக்கு மேலே இருக்கிற துரை தந்தியடிப்பாராம், கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் இதே பேச்சாம், அர்த்தநாரி சொல்கிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எல்லோரும் வந்தால் சரி. எல்லோரும் வராவிட்டால் இன்றைக்குச் சாயங்காலம் சாலையில் கிடப்பது அவளுடைய பானை. அவரைக் கொடி இப்போதுதான் பூ விட்டிருக்கிறது. ஊதா நிறத்தில், வாசல் கம்பத்தில் பாதிதான் ஏறியிருக்கிறது, அதையும் பிடுங்கிக்கொண்டா போக முடியும்? ஒரு வாரம் கழித்து வைத்துக்கொண்டிருக்கலாம் இந்தப் போராட்டத்தை, ஒரு தடவை காய் பறித்துவிட்டாவது போயிருக்கலாம். சீ, என்ன புத்தி. நாட்டுக்கு விடுதலை வருகிற நேரத்தில் அவரைக்காய். ஆனால் அவரைக்காயும் வேண்டும்தானே. விடுதலை வந்த மறுநாள் எதை வைத்துக் குழம்பு வைப்பது?

“ஏம் புள்ள, கோயிலு வந்துருச்சு” என்றான் செங்கோடன், திரும்பாமல். அவன் குரல் வேறு யாருடைய தொண்டையிலிருந்தோ வருகிற மாதிரி இருந்தது. இங்கேதான் பெண்கள் நிற்க வேண்டும். சைக்கிள் கோயிலைத் தாண்டினதும் குடைகளோடு பின்னால் நடந்து வர வேண்டும், அவர்களுக்கும் பின்னால் ஆண்கள், மிச்சமுள்ள பத்து சைக்கிளும். பெண்கள் குடையை மடக்கவில்லை என்றால் ஆண்களுக்கு இறங்க வெட்கமாயிருக்கும் என்பது அர்த்தநாரியுடைய ஏற்பாடு, கெட்டிக்கார மனுஷன். கோயில் இடது பக்கம்தான், நன்றாகத் தெரிந்தது. குப்பாயி நின்றாள். அங்கம்மா நின்றாள். இன்னும் மூன்று பேர். ஐந்து. பாவாயி மறுபடி எண்ணினாள். ஐந்து பேரா? நேற்று விளக்கு மாடத்தில் கை வைத்துச் சத்தியம் செய்தவர்கள் எத்தனை பேர்? தூறல் என்று நின்றுவிட்டார்களா, துவைக்கிற துணி இருக்கிறதா, புருஷன்மார் கதவைச் சாத்திவிட்டார்களா? கதவு. நாற்பது கதவு. வாய்விட்டுக் கேட்டிருப்பாள், அதற்குள் சைக்கிள் தாண்டிவிட்டது, குப்பாயி மட்டும் குடைக்கடியிலிருந்து, “கெட்டியாப் புடிச்சுக்கோ, வுட்றாத!” என்று கத்தியது காதில் விழுந்தது. சட்டையையா குடையையா என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. முன்னால் போகிறவர் திரும்பினால் பின்னால் வருகிறவருக்குப் பயம் வந்துவிடுமாம். நல்ல கட்டளை, உத்தரவு போட்டவர் கேரியரில் உட்கார்ந்து பார்க்கட்டும். பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா? மழைச் சத்தம் கேட்டது. சைக்கிள் மணி கேட்கிறதா? எப்படிக் கேட்கும், பங்களாவுக்குப் பக்கத்தில் மணியடித்தால் துரைசானிக்குத் தலை வலிக்கும் என்று தோட்டத்து மணிகளையெல்லாம் எப்போதோ கழற்றச் சொல்லிவிட்டார்கள். பின்னால் நூறு பேர் வரலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். அவள் அவன் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வந்தால் வரட்டும். வராவிட்டால் நாம் இரண்டு பேர். இரண்டு பேர் என்பதும் ஒரு கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவனோடு கேரியரில் வெளியே போவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமாக ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை? ஏனென்றால் பாதி வழியில் இறங்கி நிற்க வேண்டியிருக்கும், பெண்சாதிக்கு முன்னால். பாவம் இந்த மனுஷன். அவளுக்கு அந்த முதுகின்மேல் சொல்ல முடியாத பிரியம் வந்தது.

பிறகு அந்த முதுகு கல்லாகிவிட்டது. சட்டைக்குள் எலும்பு நின்றுபோயிற்று. துரை, என்று பாவாயிக்குத் தெரிந்துவிட்டது. பங்களாத் திருப்பம், இடது ஓரம், வழக்கமான காலை நடை. அவளுக்கு இன்னும் தெரியவில்லை, அவனுக்குத் தெரிகிறது. மிதிங்க, என்றாள், சத்தம் வரவில்லை, மிதிங்க, மிதிங்க. அவன் மிதித்தான். அவன் வலது கால் பெடலை விட்டது. அவள் முதுகில் முட்டியது. நன்றாகவே முட்டியது, உதை என்றே சொல்லலாம், பதினோரு வருஷத்தில் வாங்காத உதை. வழி தேடி இன்னொரு தரம் முட்டியது. வழியில்லை. கால் திரும்பிப் போய்ப் பெடலைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பாவாயிக்குள் ஒரு கத்தல் எழும்பியது, நின்னுருச்சு, காலு நின்னுருச்சு, குப்பாயி நீ மகராசியா இருக்கணும், இறங்க முடியாது, இனி இந்த ஜன்மத்தில் இந்த மனுஷன் இறங்க முடியாது! அந்தச் சந்தோஷத்தில் முகத்தைத் தூக்கினாள், நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் துரை நின்றுகொண்டிருந்தார். தொப்பி, சிவந்த மூக்கு, தொப்பி விளிம்பில் வரிசையாக நீர்த்துளி. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, எப்போதும் பூட்ஸைத்தான் பார்த்திருக்கிறாள். கண் தவிட்டு நிறமாக இருந்தது. அப்போது உலகம் இருட்டிவிட்டது.

என்ன இருட்டு என்று முதலில் விளங்கவில்லை. கறுப்புத் துணி முகத்தில் ஒட்டியது, பழைய துணி நாற்றம், ஒரு கம்பி காதில் குத்தியது. குடை. குடை மடங்கிவிட்டது. காற்றா? காற்று இல்லை. அவளுடைய கட்டைவிரல்தான். குமிழ்மேல் அழுந்தினபடியே அது இருந்தது, நல்ல பிள்ளையாக, சொன்ன வேலையைச் செய்துவிட்டேன் என்பதுபோல. அடப்பாவி! அவன் கால்களுக்கு எட்டுத் தடவை ஒத்திகை பார்த்தோமே, என் கைக்கு ஒரு தடவை பார்த்தோமா? வாளிக்குள் நின்றது நான், கையில் குச்சி இருந்தது, குடை இல்லை, யாருக்கும் தோன்றவில்லையே. அவனைப் பார்த்துச் சிரித்தேனே, என் உடம்பில் ஒளிந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாமல். துணிக்குள் அவளுடைய மூச்சு சூடாகத் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. இப்படியே போய்விடலாம். கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும், செங்கோடன் இறங்கவில்லை, அதுவே போதும், பாதி ஜெயம், பாதிக்குப் பாதி, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இருட்டு வசதியாகத்தான் இருந்தது. கதவுக்குப் பின்னால் நிற்பதுபோலவே இருந்தது. செம்புத் தண்ணீர் கையில் இருப்பதுபோலவே. பாவாயிக்கு வந்தது பயமில்லை, கோபம், அதுவும் துரைமேல் இல்லை, தன் கட்டைவிரல்மேல். குடையைத் திரும்ப விரிக்க இரண்டு கை வேண்டும். வலது கை செங்கோடனுடைய சட்டையில் இருந்தது. விட்டாள். பிடிமானமே இல்லாமல் ஆடுகிற கேரியரில் உட்கார்ந்துகொண்டு இடது கையால் காம்பைப் பிடித்து, வலது கையால் கம்பிகள் சேருகிற வளையத்தைப் பிடித்து, தன் பலத்தையெல்லாம் சேர்த்து மேலே தள்ளினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. குடை துரையின் மூக்குக்கு நேரே படீரென்று விரிந்தது. அதிலிருந்த மழையெல்லாம் ஒரே வீச்சாக அவர் முகத்தில் போய் அடித்தது. துரை ஓரடி பின்னால் வைத்தார். பின்னால் பள்ளம். ஒரு பூட்ஸ் முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் போயிற்று. ஒதுங்கிவிட்டார்! துரை ஒதுங்கி வழிவிட்டுவிட்டார்! “ஏய்! எறங்கு!” என்று பின்னாலிருந்து துரையின் குரல் வந்தது. மன்னிச்சுக்குங்க தொரே, இறங்க வசதிப்படாது, பின்னால் நான் இருக்கிறேன் என்று மனசுக்குள் பதில் சொன்னாள். கையை மறுபடி செங்கோடனுடைய சட்டையில் போட்டபோது அவன் உடம்பு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறானா என்று பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

திருப்பத்துக்கு அப்பால் சாலை பங்களாப் புல்வெளியைச் சுற்றி இடது பக்கமாக வளைந்து மேட்டில் ஏறும். மேடு ஏற ஏற சைக்கிள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இடது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த பாவாயிக்கு, கட்டளையை மீறாமல், தலையைக்கூடத் திருப்பாமல், புல்வெளிக்கு அந்தப் பக்கம் திருப்பம் முழுசாகத் தெரிய ஆரம்பித்தது. முதலில் பள்ளத்திலிருந்து காலை உருவிக்கொண்டு நிற்கிற துரை தெரிந்தார். பிறகு குப்பாயி. குடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் அங்கம்மா, பின்னால் இன்னொரு குடை, இன்னொன்று, மரத்தடியில் ஒதுங்கி நின்றவர்களெல்லாம் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும், கோயிலிலிருந்து திருப்பம் வரைக்கும் சாலை கறுப்பாக இருந்தது, அத்தனையும் குடை. குடை இல்லாதவர்கள் வாழையிலையைப் பிடித்திருந்தார்கள். கதவு திறந்திருக்கிறது, எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கிறது. குப்பாயி துரைக்கு நேரே வந்தாள். நின்றாள். குடையை மடக்கினாள். ஐயோ, என்றாள் பாவாயி. குப்பாயி, நீயுமா, பெரிய தொண்டைக்காரி, கை உன்னையும் விடவில்லையா? அடுத்த நொடி குப்பாயி குடையைத் துரையின் முகத்துக்கு நேரே படீரென்று விரித்தாள். தண்ணீர் தெறித்தது. நடந்தாள். அடுத்தது அங்கம்மா. வந்தாள், நின்றாள், மடக்கினாள், படீர். அடுத்தவள். படீர். அதற்கடுத்தவள், அவளுடைய குடை துருப்பிடித்தது, திறக்க மறுத்தது, விடாமல் நின்று இரண்டு தரம் குலுக்கித் திறந்துவிட்டுத்தான் நகர்ந்தாள். வாழையிலைக்காரி இலையைத் தாழ்த்தி ஒரு உதறு உதறினாள். பாவாயிக்கு ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் கேரியரிலிருந்து விழப் பார்த்தாள். இவர்கள் என்னைப் பார்த்துத்தான் செய்கிறார்கள்! கடைசி நேரத்தில் அர்த்தநாரி இப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார், பாவாயிக்கு மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, ஒருத்தி பாக்கியில்லாமல், என் கட்டைவிரல் செய்த தப்பை அப்படியே நூல் பிசகாமல் செய்கிறார்கள்!

“என்ன புள்ள? எத்தன பேரு வர்றாங்க?” என்று செங்கோடன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். “எண்ண முடியலீங்க. மூடி மூடித் தொறக்குறாளுங்க” என்றாள், சிரிப்பில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. “யாரு சொல்லி?” “யாரும் சொல்லலீங்க. நான் பண்ணுன தப்பு.” துரை அங்கே நின்றார். கையிலிருந்த குச்சியை ஓங்க வழியில்லை, ஓங்கினால் யார்மேல் ஓங்குவது, இவர்கள் மரியாதைக்கு மடக்குகிறார்களா அவமரியாதைக்கு விரிக்கிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும், அவர்களுக்கே தெரியாது. ஒவ்வொரு படீருக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார். பெண்களுக்குப் பின்னால் சைக்கிள்கள் வந்தன, பத்தும் வந்தன, ஒருத்தனும் இறங்கவில்லை, நாச்சிமுத்து இரண்டு கையையும் ஹாண்டில்பாரில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைமாதிரி விறைப்பாகப் போனான், சட்டைப் பையில் கல் இருந்ததோ என்னவோ, எடுக்கிற வேலையே வரவில்லை. நாளைக்கு விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆள் எடுக்கும்போது என்ன நடக்குமோ, நடக்கட்டும், இத்தனை பேர் சீட்டையும் கிழிக்கக் கிராணிக்குக் கை வலிக்கும். கடைசிக் குடையும் விரிந்து, கடைசிச் சைக்கிளும் தாண்டிப் போயிற்று. துரை அதற்குமேல் தாங்க முடியாமல் தொப்பியைக் கழற்றினார். முகத்தைத் துடைத்துக்கொள்வதற்குத்தான் கழற்றினார், கண்ணில் தண்ணீர் புகுந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மூன்று சந்தையைக் கூட்டுகிற குரல் ஒன்று புல்வெளியைத் தாண்டி மேட்டுக்கு வந்தது. குப்பாயி திரும்பி நின்று, ஒரு கையைப் பெருந்தன்மையாக ஆட்டிக்கொண்டு, வணக்கம் வாங்கி வாங்கிச் சலித்துப்போன பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்:

“இருக்கட்டும் தொரே, இருக்கட்டும். போட்டுக்குங்க.”

சாலை முழுக்கச் சிரிப்பு பரவியது. செங்கோடன் என்ன என்று கேட்டான். பாவாயி சொன்னாள். அவனால் அதற்குமேல் மிதிக்க முடியவில்லை. மேட்டின் நடுவில், பட்டப்பகலில், யாருக்காகவும் இல்லாமல், சிரித்து முடிப்பதற்காக இருவரும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள்.